விவாதத்தில் வளர்ந்த பணி: சென்னை மனநலச் சேவை கடந்துவந்த பாதை

தமிழ் மண்ணுக்கு வாதம் புதிதல்ல. புகார் நகரின் இந்திர விழாவில் சமயவாதிகள் ஏறி வாதிடப் பட்டிமண்டபம் இருந்ததை மணிமேகலை கூறுகிறது. ஆனால் மனநோய் என்ற ஒரு பொருள் மட்டும் நெடுங்காலம் எந்த மேடைக்கும் வரவில்லை. வீட்டின் பின்கட்டு அறையிலும், கோயில் மண்டபத்திலும், தர்கா வாசலிலும், காப்பகத்தின் மதில்களுக்குள்ளும் அது ஒதுங்கியே கிடந்தது. அதை ஊரறியப் பேசும் பொருளாக மாற்றியதில் சென்னையின் மனநலப் பணிக்குப் பெரும் பங்கு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அதன் வழித்தோன்றலாக வளர்ந்த தொண்டு நிறுவனங்கள், தமிழகத்தின் பிற ஊர்களில் அதே பணியில் இணைந்தவர்கள் ஆகிய அனைவரின் கூட்டு வரலாறே இம்மலரில் பதிவாகிறது.

நோயாளியைப் பூட்டி வைக்கலாமா, மின் அதிர்வு கொடுக்கலாமா, நோயுற்றவர் மணம் புரியலாமா, தற்கொலைக்கு முயன்றவர் குற்றவாளியா, கோயிலில் குணமாகுமா என்ற கேள்விகள் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்தன. மருத்துவர்கள் தங்களுக்குள்ளேயே மாறுபட்டார்கள். நீதிமன்றமும் சட்டமன்றங்களும் பத்திரிகைகளும் கலந்துகொண்டன. நம் பணியின் ஒவ்வொரு முன்னேற்றமும் இத்தகைய ஒரு வாதத்தைக் கடந்தே வந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த வாதத்தில் பேசும் உரிமை பெற்றவர்களின் வட்டம் ஒவ்வொரு பத்தாண்டிலும் அகன்றுகொண்டே வந்திருக்கிறது.

தொடக்கம்: 1794 முதல் 1946 வரை

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கனோலி, மனநோயாளிகளுக்கென ஒரு தனி இல்லத்தை 1794இல் புரசைவாக்கம் பகுதியில் தொடங்கினார். கம்பெனி பணம் கொடுத்தது. மருத்துவர் இல்லத்தை நடத்தினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்டன் என்ற மருத்துவர் பொறுப்பேற்று அதை விரிவாக்கினார். ஊர் மக்கள் வாயில் அது டால்டன் ஆஸ்பத்திரி ஆயிற்று. அந்நாளில் ஒருவரைச் சேர்ப்பதும் விடுவிப்பதும் மருத்துவரும் கம்பெனி அதிகாரிகளும் தமக்குள் முடிவு செய்யும் விஷயம். மூன்றாவது குரலுக்கு அங்கே இடமிருந்ததில்லை.

1858ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் காப்பகங்களுக்கு ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவந்தது. சென்னையில் இடநெருக்கடி மிகுந்தபோது, கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று வழங்கிய விரிந்த நிலத்தில் புதிய காப்பகம் எழுந்தது. 1871இல் 145 நோயாளிகளுடன் அது செயல்படத் தொடங்கியது. அன்று நட்ட மரங்களின் நிழலில்தான் நம்மில் பலர் பயிற்சி பெற்றோம்.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்துநிலைச் சட்டம் மாஜிஸ்திரேட்டை நடுவில் நிறுத்தியது. உறவினர் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் இணைக்க வேண்டும். அதன்மேல் மாஜிஸ்திரேட் சேர்க்கை ஆணை பிறப்பிப்பார். தானே விரும்பி வருகிறவருக்கும் கதவு எளிதில் திறக்காது. பார்வையாளர் குழுவில் இருவர் இசைந்தால்தான் அவரைச் சேர்க்க முடியும். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போகிறவன் எந்த நீதிபதியையும் பார்ப்பதில்லை, மனம் நொந்தவன் மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி அக்காலத்திலேயே மருத்துவர்களிடையே எழுந்துவிட்டது. அதற்கு விடை கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆனது.

1922இல் நம் நிறுவனம் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. நாட்டின் பிற காப்பகங்களும் அக்காலத்தில் இவ்வாறே மருத்துவமனைகளாயின. பெயர் மாறினாலும் நிலைமை மாறச் சற்றுக் காலம் பிடித்தது. நாட்டின் மருத்துவச் சேவையை ஆராய அமைக்கப்பட்ட போர் (Bhore) குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. சென்னையின் பெருமைக்குரிய டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். அக்குழுவுக்காக ராஞ்சி மருத்துவமனையின் கர்னல் மூர் டெய்லர் நாட்டின் 19 மனநோய் மருத்துவமனைகளை ஆராய்ந்தார். குணப்படுத்தும் நோக்கமின்றி, அடைத்து வைப்பதற்காகவே கட்டப்பட்டவை இக்கட்டடங்கள் என்று அவர் ஒளிவின்றி எழுதினார். அரசுக்குள்ளிருந்தே எழுந்த இந்தக் குரல் அடுத்த தலைமுறையின் பணிக்கு அடித்தளம் ஆயிற்று.

விடுதலைக்குப் பின்: மருந்தும் குடும்பமும்

1947 ஜனவரியில் இந்திய மனநல மருத்துவச் சங்கம் உருவானது. மருத்துவர்கள் தமக்குள் வாதிட ஒரு பொது அரங்கு கிடைத்தது. 1950களின் நடுவில் இரண்டு மருந்துகள் நிலைமையை மாற்றின. ஒன்று 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்புரோமசின். மற்றொன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தியிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின். சர்ப்பகந்தியின் குணத்தை 1931இலேயே கல்கத்தாவின் சென், போஸ் என்ற இருவர் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். மேலைநாடுகள் அதைக் கவனிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மருந்து வந்ததும், அடங்காதவர் என்று தனியறையில் வைக்கப்பட்டிருந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். குணமாகி வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணமே அப்போதுதான் வேரூன்றியது.

நோயாளியுடன் உறவினர் தங்கலாமா என்பது அக்காலத்தின் மற்றொரு வாதம். குடும்பத்திலிருந்து பிரித்தால்தான் நோய் தணியும் என்பது பழைய கொள்கை. பஞ்சாபின் அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். நம் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் தொடங்கியபோது, உறவினர் உடன் தங்குவதையே நடைமுறை ஆக்கினார். தாய் சமைத்துக் கொடுக்க, தம்பி துணையிருக்க, நோயாளி சிகிச்சை பெற்றார். செவிலியர் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் வழிதானே இது என்று குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் வீடு திரும்பிய பின் மருந்தைத் தொடர்ந்து கொடுக்கத் தெரிந்த ஒரு குடும்பம் உருவானது என்பதை அனுபவம் காட்டியது. மருத்துவரும் மாஜிஸ்திரேட்டும் மட்டுமே பேசிய இடத்தில் குடும்பமும் பேசத் தொடங்கியது.

சாரதா மேனன் காலம்: 1961 முதல் 1978 வரை

நம் வரலாற்றின் நடுநாயகம் டாக்டர் சாரதா மேனன். 1923இல் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரில் மனநல மருத்துவம் கற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்ற சிறப்பு அவருக்கு உரியது. 1959இல் கீழ்ப்பாக்கத்தில் பணியில் சேர்ந்து, 1961இல் கண்காணிப்பாளர் பொறுப்பேற்றார். பதினேழு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அவர் வந்தபோது உள்நோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். மருத்துவர்களோ மிகச் சிலர்.

பெண் ஒருவர் இந்த மதிலுக்குள் என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்களுக்கு அவர் பணியாலேயே பதிலளித்தார். புறநோயாளிகள் பிரிவை வளர்த்தார். நோயாளிகள் கைத்தொழில் கற்கும் தொழில்வழி சிகிச்சை மையத்தை ஏற்படுத்தினார். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு வேண்டும் என்று அரசிடம் விடாமல் வாதாடினார். காப்பகத்தில் வேலை வாங்குவது சிகிச்சையா, சுரண்டலா என்பது அக்காலத்தில் உலகெங்கும் நடந்த விவாதம். பயிற்சி, உழைப்புக்கு ஊதியம், வெளியே போய்ப் பிழைக்கும் தகுதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை என்பதே நம் முன்னோடிகளின் நிலைப்பாடு.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே கேலிப்பேச்சாகத் திரைப்பட நகைச்சுவைகளில் புழங்கிய காலம் அது. அந்த முகவரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லத் தயங்கிய ஊழியர்கள் இருந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அதை மறைத்தவர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் இடையில் இரவுப் பணி பார்த்த காவலர்கள், செவிலியர்கள், சமையற்கூடத்தார், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் பெரிய எழுத்தில் இல்லை. இம்மலர் அவர்களை நன்றியுடன் நினைக்கிறது.

கீழ்ப்பாக்கத்தின் மற்றொரு தூண் டாக்டர் ஓ. சோமசுந்தரம். தமிழகத்தில் மனநோய்க்குச் செய்யப்படும் சமயவழி சிகிச்சைகளைப் பற்றி 1973இலேயே இந்திய மனநல மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். மருத்துவர்கள் முகம் சுளித்து ஒதுக்கிய இடங்களையும் ஆய்வுக்குரிய களமாகக் கண்ட பார்வை அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ஏர்வாடி தர்காவை அண்டியிருந்த காப்பகத்தின் தீ விபத்து நாட்டையே உலுக்கியபோதுதான் அந்தப் பார்வையின் அருமை பலருக்கும் விளங்கியது.

1980கள்: தொண்டு நிறுவனங்களின் காலம்

ஓய்வு பெற்ற பின்னரும் சாரதா மேனன் ஓயவில்லை. 1984இல் டாக்டர் தாரா உள்ளிட்ட நண்பர்களுடன் சேர்ந்து மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபைச் சென்னையில் நிறுவினார். 1980இல் திருமதி சாந்தி ரங்கநாதன் குடிநோய் சிகிச்சைக்கென டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காகச் சிநேகாவை நிறுவினார். குடி ஒழுக்கக்கேடா நோயா, தற்கொலை எண்ணம் கொண்டவரிடம் அதைப் பற்றிக் கேட்டால் எண்ணம் வலுக்குமா தணியுமா என்ற கேள்விகளை இந்நிறுவனங்கள் பள்ளி, கல்லூரி, தொழிற்சாலை என எல்லா இடங்களுக்கும் கொண்டுபோயின. கேட்பதால் எண்ணம் வலுக்காது. மனம் திறந்து பேச ஒரு வழி கிடைக்கும் என்பதை நம் தொண்டர்கள் ஊர் ஊராக எடுத்துச் சொன்னார்கள்.

அப்போது தமிழ்க் குடும்பங்களில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்பட்ட விஷயம் திருமணம். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள் பெரியவர்கள். நோய் இருந்தால் மணமே கூடாது என்றார்கள் வேறு சிலர். மனச்சிதைவு என்ற பெயர் சான்றிதழில் இருந்தாலே மணமுறிவு கிடைத்துவிடும் என்ற எண்ணமும் பரவியிருந்தது. 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரையறை தந்தது. நோயின் பெயர் மட்டும் போதாது. சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அது கடுமையானதா என்றே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வாதத்துக்கு உறுதியான சான்று தேவை என்பதை உணர்ந்தவர்கள் நம் ஆய்வாளர்கள். 1980களின் தொடக்கத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முதன்முறையாக மனச்சிதைவு நோயுடன் வந்த 90 பேரைத் தேர்ந்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு என நீண்ட அந்தத் தொடர் ஆய்வு சென்னை நெடுங்கால ஆய்வு என்று உலக அரங்கில் அறியப்படுகிறது. வீடு மாறியவர்களைத் தெருத் தெருவாகத் தேடிக் கண்டுபிடித்த களப்பணியாளர்களின் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. பத்தாம் ஆண்டில் அவர்களில் பெரும்பாலோர் மணமானவர்களாக இருந்தார்கள் என்ற செய்தி, மணமே கூடாது என்ற வாதத்துக்குச் சான்றோடு கூடிய மறுமொழி ஆயிற்று.

1990கள்: சட்டமும் சமூகமும்

1987இல் நிறைவேறிய மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் 1912ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. தானே விரும்பி வருகிறவரைச் சேர்ப்பது எளிதாயிற்று. அதே ஆண்டு ஷீலா பர்சே வழக்கில், குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

அவ்வாண்டிலேயே வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் சென்னையில் தி பேன்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்கு ஒரு கூரை அமைப்பதே அவர்களின் முதல் நோக்கம். அவர்கள் யாருடைய பொறுப்பு, காவல்துறையினுடையதா, மாநகராட்சியினுடையதா, மருத்துவமனையினுடையதா என்ற வாதத்துக்கு இடையில், முதலில் சோறும் பாயும் கொடுப்போம் என்று செயலில் இறங்கியவர்கள் அவர்கள். மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கித் தென்மாவட்டங்களுக்குப் பணியை விரித்தார். 1997இல் திருச்சியில் மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாகக் காலூன்றியது.

மனநோய் ஓர் ஊனமா என்பது இப்பத்தாண்டின் நுட்பமான வாதம். கை கால் இழப்பைப் போல இது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே சலுகை கிடைக்காது என்றது நிர்வாகம். ஊனம் என்று முத்திரை குத்தினால் நம்பிக்கை போய்விடும் என்று மருத்துவர்களிலேயே சிலர் தயங்கினார்கள். சாரதா மேனனும் அவருடைய தோழர்களும், பிள்ளைகளைப் பராமரித்துவந்த பெற்றோர்களும் சேர்ந்து இடைவிடாமல் முயன்றார்கள். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளுள் மனநோயும் ஒன்றாக இடம்பெற்றது.

அதை அளப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். ஸ்கார்ஃபின் முந்தைய அனுபவம் பெரிதும் கைகொடுக்க, இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2002இல் ஐடியாஸ் என்ற அளவுகோலை வகுத்தது. குளிப்பது, உடுத்துவது போன்ற தன் பராமரிப்பு, பிறருடன் பழகுவது, சொல்வதைப் புரிந்து பதில் பேசுவது, வேலை செய்வது என நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்தால் சலுகைகளுக்குத் தகுதி. ஒரு பக்கத்தில் அடங்கும் அந்தப் படிவம்தான் இன்று எத்தனையோ வீடுகளில் மாத உதவித்தொகைக்கு வழி திறந்திருக்கிறது.

ஏர்வாடியும் அதன் பின்னும்: 2001 முதல் 2010 வரை

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். 28 உயிர்கள் பலியாயின. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்து மீட்கப்பட்டவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் கதவைத் திறந்தது. ஏற்கெனவே நிரம்பியிருந்த விடுதிகளில் நம் பணியாளர்கள் அவர்களுக்கும் இடம் செய்து கொடுத்தார்கள்.

நம்பிக்கையிடங்களையே தடைசெய்ய வேண்டும் என்ற குரல் அப்போது ஓங்கி ஒலித்தது. அந்தச் சூட்டிலேயே, 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டாக்டர் ரகுராம் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. தமிழகத்துக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேருக்கு நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது என்றது அது. அங்கே மருந்தும் இல்லை, தனிச் சடங்கும் இல்லை. பரிவான சூழல் மட்டுமே இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வை எப்படி ஏற்பது என்று எதிர்வாதமும் எழுந்தது. தடையும் வேண்டாம், கண்மூடிய ஏற்பும் வேண்டாம் என்ற நடுவழியை இந்த வாதம் நமக்குக் காட்டியது. வழிபாட்டிடத்துக்கு வருகிறவருக்கு அங்கேயே மருத்துவரும் மருந்தும் கிடைக்கச் செய்யும் தவா துவா திட்டம் பின்னர் ஏர்வாடியிலேயே நடைமுறைக்கு வந்தது. மருந்தும் வேண்டுதலும் ஒரே வளாகத்தில் அமைந்தன.

உலக அரங்கின் வாதங்களிலும் சென்னையின் குரல் ஒலித்தது. ஏழை நாடுகளில் மனச்சிதைவு நோய் எளிதில் தணிகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளுக்குப் பின் ஏறக்குறைய வேதவாக்காக இருந்தது. கூட்டுக் குடும்பத்தின் பெருமையாக நாமும் அதை மேற்கோள் காட்டி மகிழ்ந்ததுண்டு. 2008இல் டாக்டர் தாராவும் அலெக்ஸ் கோஹென், விக்ரம் படேல், குரேஜே ஆகியோரும் 11 நாடுகளின் 23 நெடுங்கால ஆய்வுகளைத் திரட்டி, அந்த முடிவு அவ்வளவு எளிதானதல்ல என்று காட்டினார்கள். நமக்குச் சாதகமான ஒரு கருத்தையே நம்மவர் கேள்விக்கு உட்படுத்தியது நம் ஆய்வு மரபின் நேர்மைக்குச் சான்று. மணவாழ்க்கை முறிந்த பெண் நோயாளிகளைப் பற்றி 2003இல் வெளியான ஸ்கார்ஃபின் ஆய்வும் அத்தகையதே. மனநோயின் பழியைவிடக் கணவனால் கைவிடப்பட்டவள் என்ற பழியே அப்பெண்களையும் பெற்றோரையும் அதிகம் வருத்தியது என்று அது பதிவு செய்தது.

2010இல் ஸ்கார்ஃபின் தொலைமருத்துவப் பேருந்து புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. பேருந்துக்குள் அமர்ந்த நோயாளி திரையில் சென்னை மருத்துவரைக் கண்டு பேசுவார். மருந்தைப் பேருந்திலேயே பெற்றுக்கொண்டு இறங்குவார்.

2010கள்: உரிமைகளின் பத்தாண்டு

மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதும், புதிய மனநலச் சட்டம் தவிர்க்க முடியாததாயிற்று. 2013இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்ததைப் போன்ற விறுவிறுப்பான விவாதத்தை நம் துறை அதற்குமுன் கண்டதில்லை. நோய் முற்றும்போது எனக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்றது மசோதா. நள்ளிரவில் கத்தியை எடுத்துக்கொண்டு நிற்கும் மகனிடம் எந்தத் தாளைக் காட்டுவது என்று கேட்டார்கள் பெற்றோர். எழுதியவனும் அதே மகன்தானே, தெளிவாக இருந்தபோது அவன் சொன்னதைக் கேட்க வேண்டாமா என்று கேட்டார்கள் சிகிச்சை பெற்று மீண்டவர்கள். இரு தரப்பும் ஒரே அரங்கில் முகத்துக்கு முகம் பேசியது அந்த விவாதத்தின் தனிச்சிறப்பு.

மின் அதிர்வு சிகிச்சை அதன் மற்றொரு களம். மயக்க மருந்து இல்லாமல், விழித்திருக்கும் நிலையிலேயே கொடுப்பது பழைய முறை. உடல் முழுதும் வலிப்பு வரும். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு முறியும் அபாயமும் உண்டு. புதிய முறையில் இரத்தக் குழாயில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் செலுத்தி, பிராணவாயு கொடுத்த பிறகே மின்சாரம் பாய்ச்சுவார்கள். அப்போது கால்விரல்கள் சற்றே துடிப்பது மட்டும் தெரியும். பழைய முறையைத் தடை செய்யக் கோரி 2001இலேயே உச்ச நீதிமன்றத்தில் மனு வந்தது. மயக்க மருத்துவர் இல்லாத சிற்றூரில், சாப்பிடாமல் அசையாமல் கிடக்கும் நோயாளியின் உயிரைக் காக்க வேறு வழி என்ன என்று அனுபவமிக்க மருத்துவர்கள் கேட்டார்கள். இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2012இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இறுதியில் சட்டத்தின் 95ஆம் பிரிவு மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத மின் அதிர்வைத் தடை செய்தது. அதே பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைப்பதையும் தடை செய்தது. ஏர்வாடியில் மாண்டவர்களுக்கு நாடு செலுத்திய காலம் தாழ்ந்த அஞ்சலி என்றே அதைக் கொள்ள வேண்டும்.

தற்கொலை முயற்சி பற்றிய வாதம் இன்னும் நீண்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி அதற்கு ஓராண்டு வரை சிறை என்றிருந்தது. உச்ச நீதிமன்றம் 1994இல் அப்பிரிவு செல்லாது என்றது. 1996இல் அரசியல் சாசன அமர்வு செல்லும் என்றது. சட்டத்துக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்கே வராமல் உயிரிழப்பவர்கள் உண்டு என்பதை டாக்டர் லட்சுமி விஜயகுமார் மேடைதோறும் எடுத்துரைத்தார். காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முறையைச் சிநேகா சோதித்துக் காட்டியது. தேர்வில் தவறிய மாணவர்கள் ஓராண்டைக் கழிக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதும் ஏற்பாட்டுக்கும் அது குரல் கொடுத்தது. புதிய சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, கவனிக்க வேண்டும் என்றது.

2019 ஏப்ரல் 18 நம் காப்பக வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டிய நாள். மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் காப்பகத்தில் தங்கியிருந்தவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். மனநோயாளிக்கு வாக்குரிமை உண்டா என்று வியந்தவர்கள் பலர். நீதிமன்றம் ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே வாக்குரிமை போகும். காப்பகத்தில் தங்கியிருப்பதாலேயே போகாது என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே உள்ளது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஏட்டில் இருந்த உரிமையை அன்று செயலாக்கினார்கள் நம் மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும். வாக்களிக்கும் முறையை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தவர்களைப் படம் பிடிக்கப் பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள்.

இன்றைய பத்தாண்டு

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பினரை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதும் முன் தம் புரிதலைத் தெளிவாக்கிக்கொள்ள உளவியலாளர் ஒருவரிடம் அவரே அமர்ந்து கேட்டறிந்தார். தன்பாலீர்ப்பு ஒரு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018இலேயே அறிவித்திருந்தது. அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது.

2021 டிசம்பர் 5 அன்று டாக்டர் சாரதா மேனன் தமது 98ஆம் வயதில் மறைந்தார். 1992இல் பத்மபூஷண் விருதும் பின்னர் தமிழக அரசின் அவ்வையார் விருதும் பெற்ற அவர், கடைசிவரை மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 2022இல் தேசிய அளவில் டெலிமானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. தமிழகத்தில் நட்புடன் உங்களோடு என்ற பெயரில் மனநலச் சேவை மக்களை எட்டியது. 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் விலகியபோது 309ஆம் பிரிவும் அதனுடன் போயிற்று. சிநேகா தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கோரிக்கை நிறைவேறியது.

1794இல் இந்த வாதத்தில் பேசியவர்கள் ஒரு மருத்துவரும் ஒரு கம்பெனியும். பின்னர் மாஜிஸ்திரேட் வந்தார். அடுத்துக் குடும்பம் வந்தது. தொண்டர்களும் ஆய்வாளர்களும் நீதிபதிகளும் வந்தார்கள். கடைசியாக, யாருக்காக இத்தனை பேரும் பேசினார்களோ அவரே வந்து தம் வாக்கைப் பதிவு செய்தார். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான உழைப்பின் பயன் இது. நமக்கு முன்னே பாடுபட்ட ஒவ்வொருவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மருந்து, சட்டம், ஆய்வு என இனி எந்தப் பொருளில் விவாதம் எழுந்தாலும், நோயிலிருந்து மீண்டவர் ஒருவரும் அவருடைய குடும்பத்தார் ஒருவரும் இல்லாத மேடையை நாம் அமைப்பதில்லை என்று உறுதி கொள்வோம். அந்த உறுதியே முன்னோடிகளுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.